திரவ ஈஸ்ட் வாங்குவது வீண் செலவா? பிடித்த ஈஸ்ட் எது, ஏன்?

வாசகர் கேள்வி: 2021 பிப்ரவரி 6

வீட்டில் பியர் காய்ச்ச வாங்கும் உலர் ஈஸ்ட் பாக்கெட்டைவிடத் திரவ ஈஸ்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், தேதி பார்க்க வேண்டும், ஈஸ்ட்டை முன்கூட்டியே பெருக்க ஸ்டார்ட்டர் கரைசல் வேறு போட வேண்டும். இவ்வளவும் செய்து பேல் ஏல் என்ற பியரைக் காய்ச்சிக் குடித்துப் பார்த்தேன். யுஎஸ்-05 என்ற உலர் ஈஸ்ட் போட்டதற்கும் இதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. திரவ ஈஸ்ட் வெறும் பந்தா என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள் தங்களுக்குப் பிடித்ததைப் பெயர் சொல்லி, காரணத்தையும் சொல்லட்டும்.

2021 பிப்ரவரி 6, இரவு

பாதிக்கு நான் உங்கள் கட்சி. நீங்கள் காய்ச்சியது அமெரிக்கன் பேல் ஏல். அதில் வைஈஸ்ட் கம்பெனியின் 1056 போட்டாலும் ஒயிட் லேப்ஸ் கம்பெனியின் டபிள்யூஎல்பி 001 போட்டாலும் உலர்ந்த யுஎஸ்-05 போட்டாலும் ஒரே குடும்பத்து ஈஸ்ட்தான். கலிபோர்னியாவில் சீகோ ஊரிலிருக்கும் சியரா நெவாடா மதுவாலையோடு சேர்த்துச் சொல்லப்படும் வம்சம். அந்த ஈஸ்ட்டின் சிறப்பே தன் சுவையைக் காட்டாமல், கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதுதான். ஒதுங்கி நிற்கிற ஈஸ்ட்டுக்கு இரட்டை விலை கொடுப்பது வீண், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஈஸ்ட்டே சுவையைத் தருகிற பியர்கள் இருக்கின்றன. இங்கிலீஷ் பிட்டர், பவேரியாவின் கோதுமை பியர், பெல்ஜியத்தின் செசோன். அவற்றை ஏதோ ஒரு ஈஸ்ட் போட்டுக் காய்ச்சினால் பியர் வரும், நீங்கள் நினைத்த பியர் வராது.

பெயர் கேட்டீர்கள். வைஈஸ்ட் 1968. காரணம் நாளை எழுதுகிறேன், மணி பன்னிரண்டாகிறது.

2021 பிப்ரவரி 7

1968-ஐ வைஈஸ்ட் 'லண்டன் ஈஎஸ்பி' என்ற பெயரில் விற்கிறது. லண்டன் சிஸிக்கிலுள்ள ஃபுல்லர்ஸ் மதுவாலையின் ஈஸ்ட் இதுதான் என்று வீட்டில் காய்ச்சுபவர்கள் எல்லாரும் பேசிக்கொள்வார்கள். டபிள்யூஎல்பி 002-க்கும் அதே பேச்சு. ஈஸ்ட் கம்பெனிகள் பொதுவாக மூலத்தைப் பெயர் சொல்லி அறிவிப்பதில்லை, அதனால் பேச்சு என்றே வைத்துக்கொள்வோம்.

எனக்கு இதைப் பிடித்ததற்கு முதல் காரணம், இது மிச்சம் வைக்கும் இனிப்பு. 1.040 அடர்த்தியில் (தண்ணீர் 1.000) தொடங்கிய பிட்டரை 1.012 பக்கத்தில் நிறுத்திவிடும். சர்க்கரையில் 67 முதல் 71 சதவீதம் வரை தின்னும் என்று வைஈஸ்ட் போட்டிருக்கிறது. என் பாதாள அறையிலும் அப்படித்தான். மாரிஸ் ஆட்டர் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பிஸ்கட் வாசனை மிச்சமிருக்கும், அதன்மேல் மார்மலேட் போல ஒரு பழவாசனையை ஈஸ்ட் சேர்க்கும். 3.8 சதவீத ஆல்கஹால் உள்ள பியர் அதற்குமேல் கனமாக நாக்கில் நிற்கும்.

இரண்டாவது, இது உட்காரும் வேகம். வேலை முடிந்ததும் கட்டி கட்டியாகத் திரண்டு அடியில் படிந்துவிடும். ஜெலட்டின் வேண்டாம், வடிகட்டி வேண்டாம். பத்து நாளில் கண்ணாடி டம்ளரில் எதிர்ப்பக்கம் தெரிகிற பியர்.

அந்த வேகமேதான் இதன் தொல்லையும். வேலை முடிவதற்குள்ளேயே சில சமயம் உட்கார்ந்துவிடும். அப்போது டையசெட்டில் மிஞ்சி பியரில் வெண்ணெய் வாசனை அடிக்கும். நான் 18 பாகை செல்சியஸில் ஈஸ்ட்டைச் சேர்த்து 19-இல் வைத்திருந்து, மூன்றாம் நாள் நுரை இறங்கத் தொடங்கும்போதே 21-க்கு ஏற்றிவிடுவேன். பாத்திரத்தை மெல்ல ஒரு சுழற்றுச் சுழற்றி அடியில் இருப்பதை எழுப்பிவிடுவேன். இதைச் செய்தால் வெண்ணெய் தங்காது.

2021 பிப்ரவரி 13

"1056-உம் 001-உம் ஒன்றேதான் என்றால் எதற்கு இரண்டு கம்பெனி?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒரே குடும்பம் என்றேன், ஒரே ஆள் என்று சொல்லவில்லை. ஒரே மூலத்திலிருந்து எடுத்தாலும் வெவ்வேறு ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தால் சின்னச் சின்ன மாற்றங்கள் சேரத்தான் செய்யும். டம்ளரில் அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாக்கு போதாது, அவ்வளவுதான்.

இந்த வம்சக் கதையில் ஆர்வம் இருந்தால் 2016-இல் 'செல்' இதழில் வந்த ஆய்வைத் தேடிப் படியுங்கள். பெல்ஜிய ஆய்வாளர்களும் ஒயிட் லேப்ஸும் சேர்ந்து 157 ஈஸ்ட் வகைகளின் மரபணுவை முழுதாக வாசித்தார்கள். பியர் ஈஸ்ட்கள் காட்டு ஈஸ்ட்களிலிருந்து எவ்வளவு விலகிவந்துவிட்டன என்பது அதில் தெளிவாகத் தெரியும். பெரும்பாலான பியர் ஈஸ்ட்கள் கிராம்பு வாசனை உண்டாக்கும் திறனை இழந்துவிட்டன. காரணம் எளிது. நூற்றாண்டுகளாக மதுவாலைக்காரர்கள் அந்த வாசனை வந்த ஈஸ்ட்டைக் கொட்டிவிட்டு, வராததை அடுத்த பானைக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். கோதுமை பியர் காய்ச்சிய பவேரியர்கள் மட்டும் அதே வாசனையை விரும்பித் தேடி எடுத்தார்கள். அவர்களுடைய ஈஸ்ட்டில் அந்த மரபணுக்கள் இன்றும் வேலை செய்கின்றன. நம் கையிலிருக்கும் ஒவ்வொரு திரவ ஈஸ்ட்டும் யாரோ ஒரு ஊர்க்காரர் நாக்கு தேர்ந்தெடுத்தது.

2021 பிப்ரவரி 20

அந்தப் பவேரிய ஈஸ்ட்டைப் பற்றி.

வைஈஸ்ட் 3068, ஒயிட் லேப்ஸ் 300. இரண்டும் பவேரியாவின் வைஹென்ஸ்டெஃபான் வழிவந்தவை. வாழைப்பழ வாசனை ஐசோஅமைல் அசிடேட்டிலிருந்து வருகிறது, கிராம்பு வாசனை 4-வினைல் குவையக்காலிலிருந்து. எது மேலே வரும் என்பது நம் கையில். 17, 18 பாகையில் வைத்தால் கிராம்பு தெரியும். 22-ஐத் தாண்டினால் வாழைப்பழம் எல்லாவற்றையும் மூடிவிடும்.

கிராம்பு வேண்டுமானால் மால்ட்டை ஊறவைக்கும்போதே அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். 43, 44 பாகையில் கால்மணி நேரம் நிறுத்தினால் தானியத்திலிருந்து ஃபெருலிக் அமிலம் வெளியே வரும். ஈஸ்ட் அதைத்தான் கிராம்பாக மாற்றுகிறது. நேராக 67-க்குப் போனால் அந்த அமிலம் குறைவாகவே கிடைக்கும்.

இதற்கு உலர்ந்த மாற்று ஈஸ்ட்களும் உண்டு, போட்டும் பார்த்திருக்கிறேன். பியர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 3068 தருகிற அந்த ஆழம் இல்லை. கோதுமை பியருக்கு நான் திரவ ஈஸ்ட்டை விடமாட்டேன்.

நுரை பயங்கரமாகப் பொங்கும். வாயுவை வெளியே விடும் ஏர்லாக் அடைப்பானை எடுத்துவிட்டு அகலமான குழாயை மாட்டி, மறுமுனையைத் தண்ணீர் வாளியில் விடுங்கள். கூரையைக் கழுவுகிற வேலை மிச்சம்.

2021 பிப்ரவரி 21

"ஒரு பாக்கெட் போதுமா, ஸ்டார்ட்டர் கட்டாயமா?"

கணக்கு இதுதான். ஏலுக்கு (அறை வெப்பத்தில் நொதிக்கும் பியர்), ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு பிளாட்டோ பாகைக்கு (மால்ட் சாற்றில் உள்ள சர்க்கரையின் அளவு) 7.5 லட்சம் செல்கள். 19 லிட்டர், 12.5 பிளாட்டோ, அதாவது 1.050 என்றால் சுமார் 18,000 கோடி. வைஈஸ்ட் பாக்கெட்டில் புதிதாக இருக்கும்போது 10,000 கோடி. இம்பீரியல் கம்பெனி பாக்கெட்டில் 20,000 கோடி. ஆக 1.040 பிட்டருக்குப் புது இம்பீரியல் நேரடியாகப் போதும். வைஈஸ்ட் என்றால் ஸ்டார்ட்டர் போடுவது நல்லது. குளிரில் நொதிக்கும் லாகருக்கு இந்தக் கணக்கு இரட்டிப்பு.

ஸ்டார்ட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உலர் மால்ட் தூள். பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட்டைச் சேர்த்துக் காந்தச் சுழற்றியில் ஒரு நாள். சுழற்றி இல்லாதவர்கள் போகும்போதும் வரும்போதும் குடுவையைக் குலுக்கினால் போதும்.

வைஈஸ்ட் பாக்கெட்டுக்குள் ஒரு சின்னப் பை இருக்கும், அதைத் தட்டி உடைத்தால் பாக்கெட் உப்பும். உப்புவது ஈஸ்ட் உயிரோடிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. செல் எண்ணிக்கை அதனால் பெருகிவிட்டதாகக் கணக்குப் போடக் கூடாது.

2021 மார்ச் 6

லாகர் பற்றிக் கேட்டவருக்கு: உலர் ஈஸ்ட் வாங்குங்கள். டபிள்யூ-34/70.

திரவ ஈஸ்ட்டுக்காகப் பேசுகிறவனே இப்படிச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். 34/70 உலகம் முழுக்க லாகர் காய்ச்சும் வைஹென்ஸ்டெஃபான் வகை. வைஈஸ்ட் 2124-உம் ஒயிட் லேப்ஸ் 830-உம் அதன் உறவு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். லாகருக்கு வேண்டியது 36,000 கோடி செல்கள். திரவ ஈஸ்ட்டில் அதை எட்ட நாலைந்து லிட்டர் ஸ்டார்ட்டர் போட வேண்டும். உலர்ந்ததில் இரண்டு பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினால் முடிந்தது. 10 பாகையில் இரண்டு வாரம், பிறகு 15-க்கு ஏற்றி இரண்டு நாள், அப்புறம் குளிரில் ஒரு மாதம். எங்கள் போர்ட்லாந்துக்கு புல் ரன் ஆற்றுப் பகுதியிலிருந்து வரும் தண்ணீர் உப்பே இல்லாத மென்தண்ணீர், பில்ஸ்னர் லாகருக்கென்றே அமைந்தது. இந்தத் தண்ணீரும் 34/70-உம் சேர்ந்தால் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அதே தண்ணீரில் பிட்டர் காய்ச்சும்போது ஜிப்சம் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் கசப்பு மொழுக்கென்று நிற்கும். இது ஈஸ்ட் விஷயம் இல்லை, ஆனால் இதைச் சரிசெய்யாமல் "1968 நன்றாக இல்லை" என்று முடிவுகட்டியவர்களை எனக்குத் தெரியும்.

2021 மார்ச் 14

திரவ ஈஸ்ட் ஏன் இவ்வளவு மரியாதை பெற்றது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாதி விடை வரலாற்றில் இருக்கிறது.

அமெரிக்காவில் வீட்டில் பியர் காய்ச்சுவதை மத்திய அரசு அனுமதிக்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டது 1978 அக்டோபரில். அன்றைக்குக் கிடைத்தது மால்ட் டப்பாவின் மூடிக்கடியில் ஒட்டிவைத்த உலர் ஈஸ்ட். எந்த வகை, எத்தனை மாதம் வெயிலில் கிடந்தது, ஒன்றும் தெரியாது. 1986-இல் இங்கே ஓரிகனில், ஹூட் ரிவர் பகுதியில் வைஈஸ்ட் தொடங்கியது. 1995-இல் சான் டியாகோவில் ஒயிட் லேப்ஸ் வந்தது. வீட்டுச் சமையலறையில் நிற்கிற ஒருவர் கையில் ஒரு லண்டன் ஈஸ்ட், ஒரு முனிக் ஈஸ்ட், ஒரு பெல்ஜிய ஈஸ்ட் முதன்முதலாக வந்துசேர்ந்தது அப்படித்தான். அந்தத் தலைமுறைக்குத் திரவம் என்றால் தரம், உலர்ந்தது என்றால் குப்பை. அவர்கள் காலத்துக்கு அது உண்மை.

இன்றைய உலர் ஈஸ்ட் அந்த டப்பா ஈஸ்ட் இல்லை. சுத்தமாக, அடையாளத்தோடு, தேதியோடு வருகிறது. அந்தக் காலத்து இளக்காரத்தை இதன்மேல் சுமத்துவது நியாயமில்லை. கேள்வி கேட்டவர் இந்த இடத்தில் முழுக்கச் சரி.

ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உண்டாக்கி மதுவாலையில் பயன்படுத்தியது 1883-இல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், எமில் கிறிஸ்டியன் ஹான்சென். அதைப் பூட்டி வைக்காமல் பிற மதுவாலைகளுக்கும் கொடுத்தார்கள். பாக்கெட்டைப் பிரிக்கும்போது அந்த மனிதரை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

2021 மார்ச் 27

விலைக்கு வருவோம். திரவ ஈஸ்ட் விலை அதிகம் என்பது ஒரு பாக்கெட்டை ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போட்டால் மட்டும்தான்.

தயிருக்கு உறைமோர் எடுத்துவைக்கிற மாதிரிதான் இது. பிட்டரைக் கெக்குக்கு (பியர் பீப்பாய்) மாற்றியதும் பாத்திரத்தின் அடியில் கெட்டியாக ஈஸ்ட் படிந்திருக்கும். சுத்தப்படுத்திய கண்ணாடி ஜாடியில் அதை ஊற்றி, மூடியை இறுக்காமல் வைத்து, ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வாயு சேரும். இரண்டு வாரத்துக்குள் அடுத்த 19 லிட்டருக்கு அதில் 100 முதல் 150 மில்லி வரை போதும். ஸ்டார்ட்டரே வேண்டாம்.

தண்ணீர் ஊற்றி ஈஸ்ட்டை 'கழுவுவது' ஒரு காலத்தில் எல்லாரும் செய்தது. நான் செய்வதில்லை. பியருக்கு அடியிலேயே இருப்பது ஈஸ்ட்டுக்குப் பாதுகாப்பு: கொஞ்சம் ஆல்கஹால், கொஞ்சம் அமிலம், கொஞ்சம் ஹாப்ஸ். தண்ணீரில் அது எதுவும் கிடையாது.

எந்தப் பியரிலிருந்து எடுப்பது என்பது முக்கியம். 1.060-க்கு மேல் தொடங்கிய பியரிலிருந்து எடுக்காதீர்கள், ஈஸ்ட் களைத்துப்போயிருக்கும். உலர் ஹாப்ஸ் கொட்டிய ஐபிஏ பியரிலிருந்தும் வேண்டாம், ஜாடி முழுக்கப் பச்சைக் குப்பைதான் வரும். அதனால் என் வரிசை: முதலில் லேசான பிட்டர், அதன் ஈஸ்ட்டில் போர்ட்டர், அதன் ஈஸ்ட்டில் கடைசியாகக் கனமான பழைய பாணி ஏல். அதோடு அந்த வம்சத்துக்கு விடைகொடுத்துவிடுவேன்.

இப்படிச் செய்தால் ஒரு பாக்கெட்டின் விலை மூன்று பியருக்குப் பிரிந்துவிடும். உலர் ஈஸ்ட்டைவிடவும் மலிவு.

2021 மார்ச் 28

நேற்றையதற்கு ஒரு சேர்க்கை. பியரின் அடியிலிருந்து எடுப்பதற்குத் தயங்குகிறவர்கள் ஸ்டார்ட்டரைத் தேவைக்கு மேல் அரை லிட்டர் பெரிதாகப் போட்டு, அதைப் பியரில் சேர்க்கும் முன்பே அந்த அரை லிட்டரை ஜாடியில் எடுத்துவைத்துக்கொள்ளலாம். ஹாப்ஸ் இல்லை, கசடு இல்லை. கோதுமை பியர் ஈஸ்ட்டுக்கு நான் இந்த வழிதான். அந்த ஈஸ்ட் ஆண்டில் ஒருமுறை கோடையில்தான் வேண்டும், அடுத்தடுத்துக் காய்ச்ச மாட்டேன்.

ஒரு முறை முகர்ந்து பாருங்கள். ரொட்டி வாசனையும் பழ வாசனையும் வந்தால் நல்லது. ரப்பர், அழுகிய இறைச்சி வாசனை வந்தால் யோசிக்கவே வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

2021 ஏப்ரல் 10

கேள்வி கேட்டவர் மறுபடியும் வந்து, "வித்தியாசம் தெரியும் என்று வாயால் சொன்னால் போதாது, கண்ணை மூடிக்கொண்டு குடித்துக் கண்டுபிடித்தீர்களா?" என்கிறார். நியாயமான கேள்வி.

ஒரே பானையில் காய்ச்சிய வோர்ட்டை (ஈஸ்ட் சேர்க்காத மால்ட் சாறு) இரண்டு வாளியாகப் பிரித்தேன். ஒன்றில் 1968, ஒன்றில் யுஎஸ்-05. அதே அறை, அதே வெப்பநிலை. பிறகு நண்பர்கள் வந்தபோது ஆளுக்கு மூன்று டம்ளர், இரண்டில் ஒரே பியர், ஒன்றில் மற்றது. மாறுபட்டதைக் கண்டுபிடிக்க வேண்டும். பியர் பக்கமே அதிகம் வராத மதுரை நண்பர் ஒருவர்கூட முகர்ந்ததுமே சரியாக எடுத்துவைத்தார். "இது சப்பென்று இருக்கிறது, அந்த இரண்டிலும் பழ வாசம்" என்றார். அவருக்கு ஈஸ்ட் என்றாலே பேக்கரிதான் தெரியும்.

அதே சோதனையை 1056-க்கும் யுஎஸ்-05-க்கும் வைத்தபோது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, நான் உட்பட. இரண்டு முடிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திரவமா உலர்ந்ததா என்பது ஒரு விஷயமே இல்லை. எந்த வகை என்பதுதான் விஷயம். நமக்கு வேண்டிய வகை உலர்ந்த வடிவில் வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். வரவில்லையென்றால் திரவம்.

2021 மே 1

செசோன்.

வைஈஸ்ட் 3724. பெல்ஜியத்தில் டூர்ப் கிராமத்து டியூபோன் மதுவாலையோடு சேர்த்துப் பேசப்படும் ஈஸ்ட். மிளகு, எலுமிச்சைத் தோல், கொஞ்சம் மண்வாசம். அற்புதமான ஈஸ்ட், பிடிவாதமான ஈஸ்ட். வேகமாகத் தொடங்கும், 1.035 பக்கம் வந்து அப்படியே நின்றுவிடும். ஒரு வாரம் அசையாது. அவசரப்பட்டு வேறு ஈஸ்ட்டைக் கொட்டுகிறவர்கள் உண்டு. வேண்டாம். 30-க்கு மேலே, 32, 33 வரை சூடாக வையுங்கள். ஏர்லாக் மாட்டாமல் அலுமினியத் தாளை மட்டும் தளர மூடினால் நிற்காமல் போகிறது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படி மூடியபோது நன்றாகவே போனது, ஆனால் அன்றைக்குச் சூடும் அதிகம் வைத்திருந்தேன், எதனால் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

பொறுமை இல்லாதவர்களுக்கு 3711, 'ஃபிரெஞ்ச் செசோன்'. எந்த வெப்பத்திலும் ஓடும், எங்கேயும் நிற்காது. 1.002 வரைக்கும் இறங்கும். ஆனாலும் வாயில் வறட்டென்று இருக்காது, வழுவழுப்பு இருக்கும்.

2021 மே 2

நேற்று 3711-ஐப் புகழ்ந்ததோடு எச்சரிக்கையையும் எழுதியிருக்க வேண்டும், பாட்டிலில் அடைப்பவர்களுக்கு இது அவசியம்.

3711, 3724 இரண்டிலும் எஸ்டிஏ1 என்ற மரபணு இருக்கிறது. டையஸ்டேட்டிகஸ் வகை. மற்ற ஈஸ்ட்கள் தின்னமுடியாமல் விட்டுவைக்கும் டெக்ஸ்ட்ரினை இவை மெல்ல உடைத்துச் சர்க்கரையாக்கித் தின்னும். அதனால்தான் அவ்வளவு கீழே இறங்குகிறது. இந்த ஈஸ்ட் கொஞ்சம் குழாயில் ஒட்டிக்கொண்டு அடுத்து காய்ச்சும் பிட்டருக்குள் போனால், 1.012-இல் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்துப் பாட்டிலில் அடைத்த பியர் உள்ளே மறுபடி நொதிக்கத் தொடங்கும். பாட்டில் வெடிக்கும். கண்ணாடி விஷயம், விளையாட்டில்லை.

என் வீட்டில் செசோனுக்குத் தனி வாளி, தனி குழாய், தனி குழாயடைப்பான். சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். செலவு அதிகமில்லை.

2021 ஜூன் 29

நேற்று போர்ட்லாந்தில் 46.7 பாகை. முந்தாநாள் 44.4. இந்த ஊர் இதுவரை பார்க்காத வெயில், பல வீடுகளில் ஏசி கிடையாது. பக்கத்து வீட்டுப் பெரியவரை எங்கள் பாதாள அறைக்கு அழைத்து வந்து இரண்டு நாளாக வைத்திருக்கிறோம். தனியாக இருக்கும் முதியவர்கள் அக்கம்பக்கத்தில் இருந்தால் தயவுசெய்து போய் ஒரு தடவை கதவைத் தட்டிப் பாருங்கள். ஈஸ்ட் அப்புறம்.

2021 ஜூலை 4

வெயில் இறங்கிவிட்டது. இப்போது ஈஸ்ட்.

வெயில் எச்சரிக்கை வந்தபோது காய்ச்சுவதற்கு எல்லாம் எடுத்துவைத்திருந்தேன். வெப்பநிலைக் கட்டுப்பாட்டோடு இருக்கும் ஃப்ரீசர் பெட்டியில் லாகர் கிடந்தது. அதனால் 1968-ஐ ஒதுக்கிவிட்டு வாஸ் குவெய்க்கை எடுத்தேன். நார்வேயின் மேற்குப் பகுதியில் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஈஸ்ட் இது. மதுவாலை விஞ்ஞானத்தின் பக்கமே வராமல், மரவளையத்திலும் துணியிலும் காயவைத்து, அடுத்த பண்டிகைக்கு எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். லார்ஸ் மரியஸ் கார்ஷோல் என்ற நார்வேக்காரர் ஊர் ஊராகப் போய் இவற்றைப் பதிவுசெய்து எழுதியதால்தான் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது.

மற்ற ஏல் ஈஸ்ட்டை 37 பாகையில் போட்டால் தின்னர் வாசனையும் தலைவலியும் மிஞ்சும். வாஸ் அந்தச் சூட்டைத்தான் கேட்கிறது. 37-இல் போட்டேன், ஈரத்துண்டு சுற்றி 40-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் வேலை முடிந்தது. ஆரஞ்சுத் தோல் வாசனை, சுத்தமான பியர்.

இரண்டு விஷயம். குறைவாகப் போடுங்கள், ஒரு டீஸ்பூன் கெட்டி ஈஸ்ட்டே போதும், அப்போதுதான் அந்த ஆரஞ்சு வரும். லேசான பியர் என்றால் ஈஸ்ட்டுக்கான ஊட்டச்சத்து கட்டாயம் சேருங்கள். நார்வேக்காரர்கள் இதைக் கனமான வோர்ட்டில் வளர்த்தார்கள், மெலிந்த வோர்ட்டில் இது சோர்ந்துவிடும்.

2021 ஜூலை 10

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: "இங்கே தபாலில் வரும் திரவ ஈஸ்ட் எல்லாம் வெந்துபோய் வருகிறது, என்ன செய்ய?"

உங்கள் ஊருக்கு என் பரிந்துரை மாறும். அங்கே வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்ச அனுமதி இருக்கிறது, அறையோ ஆண்டு முழுக்க 30 பாகை. குவெய்க் ஒன்றை ஒருமுறை நல்ல நிலையில் பிடித்துவிட்டால் பேக்கிங் தாளில் மெல்லப் பரப்பிக் காயவைத்து, ஃப்ரீசரில் வையுங்கள். ஆண்டுக்கணக்கில் வரும். திரவமாக வாங்கி நீங்களே உலர்ந்ததாக மாற்றிவிடுகிறீர்கள். ஊருக்கு ஏற்ற ஈஸ்ட்டைப் பிடித்துக்கொள்வதில் தவறே இல்லை.

கோயம்புத்தூர் தம்பி "அண்ணா, ஒரு பாக்கெட் தபாலில் அனுப்ப முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். முடியாது தம்பி. தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். உங்களைச் சிக்கலில் மாட்டிவிட மாட்டேன். நுண்ணுயிரில் ஆர்வம் இருந்தால் அதே ஆர்வத்தோடு புளிமாவு ரொட்டி செய்து பாருங்கள், ஈஸ்ட்டைக் கவனித்து வளர்க்கிற பழக்கம் அதிலும் வரும்.

2021 ஆகஸ்ட் 21

1318-ஐ நான் ஏன் சொல்லவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

வைஈஸ்ட் 1318, 'லண்டன் ஏல் III'. கலங்கலான நியூ இங்கிலாண்ட் ஐபிஏ காய்ச்சுபவர்களின் செல்லம். பீச் பழ வாசனையும் மென்மையும் தரும், ஹாப்ஸோடு சேர்ந்து ஒரு பழச்சாற்றுத் தன்மை வரும். மேலே மிதக்கும் நுரையிலிருந்தே சுத்தமான ஈஸ்ட்டைக் கரண்டியால் எடுக்கலாம், உலர் ஹாப்ஸ் போடுவதற்கு முன்பே. அந்த ஒரு குணத்துக்காகவே இதை மதிக்கிறேன்.

ஆனால் கலங்கல் ஐபிஏ நான் அடிக்கடி குடிப்பதில்லை. மேலும் லாலமண்ட் இப்போது கார்ன்வால் வெர்டன்ட் மதுவாலையோடு சேர்ந்து 'வெர்டன்ட் ஐபிஏ' என்று உலர் ஈஸ்ட் கொண்டுவந்திருக்கிறது. 1318-இன் வழி என்றே பேச்சு. ஒரு முறை போட்டேன், நெருங்கி வந்திருக்கிறது. ஏப்ரலில் எழுதியதே இங்கும் பொருந்தும்: வகை உலர்ந்து வந்துவிட்டால் உலர்ந்ததை வாங்குங்கள்.

2021 செப்டம்பர் 18

பிப்ரவரியில் 1968-ஐ முதல் இடத்தில் வைத்தேன். இன்றைக்கும் அதே இடம்தான், காரணம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது.

அப்போது சுவையைச் சொன்னேன். இந்த மாதங்களில் அடுத்தடுத்து அதே ஜாடியிலிருந்து பிட்டர், மைல்டு, போர்ட்டர் என்று காய்ச்சியபிறகு, பழக்கம்தான் பெரிது என்று தோன்றுகிறது. என்றைக்கு உட்காரும், எந்த மணிநேரத்தில் சூடேற்ற வேண்டும், எப்போது எழுப்பிவிட வேண்டும் என்று கை தானாகப் போகிறது. ஃபுல்லர்ஸில் சிஸிக் பிட்டர், லண்டன் பிரைட், ஈஎஸ்பி எல்லாமே ஒரே மால்ட் ஊறலிலிருந்து பிரித்து, ஒரே ஈஸ்ட்டில் வந்தவை. ஒரு மதுவாலை, ஒரு ஈஸ்ட். வீட்டில் காய்ச்சுகிற நாம்தான் மாதம் ஒரு பாக்கெட் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

புதிதாகத் தொடங்குபவர் கேட்டால் இதையே சொல்வேன்: பட்டியலில் இருக்கும் எல்லாவற்றையும் ருசி பார்க்க வேண்டாம். நீங்கள் அடிக்கடி குடிக்கும் பியருக்கு ஏற்ற ஒன்றை எடுத்து, ஒரு வருடம் அதிலேயே காய்ச்சுங்கள்.

2021 அக்டோபர் 2

"அப்படியானால் வேறு எதையும் முயல மாட்டீர்களா?" முயல்வேன். வைஈஸ்ட் 1469, 'வெஸ்ட் யார்க்ஷயர்'. திமத்தி டெய்லர் மதுவாலையோடு சேர்த்துப் பேசப்படுவது. 1968-ஐவிடக் கொஞ்சம் உலர்ந்து முடியும், கொட்டைப் பருப்பு வாசனையும் பிளம் போல ஒரு பழவாசனையும் வரும் என்கிறார்கள். ஸ்டைன்பார்ட் கடையில் இந்த மாதத் தேதியோடு ஒரு பாக்கெட் கிடைத்தது. 1918-இல் இந்த ஊரில் தொடங்கிய கடை, ஈஸ்ட்டைக் குளிரில் ஒழுங்காக வைத்திருப்பார்கள்.

வோர்ட்டைப் பாதிப் பாதியாகப் பிரித்து ஒன்றில் பழைய ஜாடி 1968, ஒன்றில் இது. கோல்டன் பிராமிஸ் மால்ட், ஸ்டிரியன் கோல்டிங்ஸ் ஹாப்ஸ், 1.042. நவம்பர் நடுவில் கெக்குக்குப் போகும். மதுரை நண்பரையும் கேள்வி கேட்டவரையும் மூன்று டம்ளருக்கு அழைத்திருக்கிறேன். கேள்வி கேட்டவர் இருப்பது வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில், ஆறு தாண்டினால் என் வீடுதான்.